உறைந்த முகமும் உருவாகும் கதையும்: பொம்மைகளைக் கொண்டு புகைப்படக்கதை படைத்தல்

முன்னுரை

பொம்மை என்றதும் குழந்தை விளையாட்டு என்னும் எண்ணமே நம்மிடம் முதலில் எழுகிறது. ஆயினும், பொம்மைகளைத் தக்க சூழலில் நிறுத்தி, அவற்றின் உடலை வேண்டிய தோற்றநிலையில் அமைத்து, தொடர்ச்சியாகப் படமெடுத்து, அப்படங்களை வரிசைப்படுத்திக் கதை சொல்லும் ஒரு கலை கடந்த அரை நூற்றாண்டுக்கும் மேலாக மேலைநாடுகளிலும் ஜப்பானிலும் வளர்ந்து வந்துள்ளது. பொம்மைகளைச் சேகரிப்போர் பலரும் சேகரிப்போடு நின்றுவிடாமல் இத்தகைய கதைகளைப் படைப்போராகவும் விளங்குகின்றனர்.

பொம்மைகளை அடுக்கிக் காட்சி அமைப்பது தமிழர்க்குப் புதிதன்று. நவராத்திரிக் கொலுவில் படிதோறும் பொம்மைகளை வைத்து, அடியில் சிற்றூரும் சந்தையும் திருமண ஊர்வலமும் அமைக்கும் வழக்கத்தை நாம் அறிவோம். ஆனால், கொலுப் பொம்மைகள் பெரும்பாலும் காண்போரை நோக்கியே நிற்கின்றன. புகைப்படக்கதையின் பொம்மைகள் ஒன்றையொன்று நோக்குகின்றன. கொலு ஒரு கணத்தைக் காட்டுகிறது. புகைப்படக்கதையோ ஒரு கணத்திற்கு அடுத்து இன்னொரு கணத்தை வைக்கிறது. இவ்விரு வேறுபாடுகளே காட்சியைக் கதையாக்குகின்றன எனலாம்.

முகபாவம் சிறிதும் மாறாத ஒரு பொருளைக் கொண்டு உணர்ச்சி மிக்க கதையை எவ்வாறு சொல்ல முடிகிறது என்னும் வினாவை இக்கட்டுரை முன்வைக்கிறது. இதற்கான விடை தமிழாசிரியர்க்கும் பயன்தரத்தக்கது என்பது இக்கட்டுரையாளரின் கருத்தாகும்.

பொம்மையின் உடலமைப்பு

இக்கலையில் பயன்படும் பொம்மைகள் அனைத்தும் ஒரே தன்மையன அல்ல. 1959ஆம் ஆண்டு அமெரிக்காவில் அறிமுகமான பார்பி ஏறத்தாழ 29 செ.மீ. உயரமுடையது. தொடக்ககாலப் பார்பியின் கழுத்தும் தோளும் இடுப்பும் மட்டுமே திரும்பின. முழங்கையும் முழங்காலும் மடங்கவில்லை. 1964ஆம் ஆண்டு ஹாஸ்புரோ நிறுவனம் வெளியிட்ட ஜி.ஐ.ஜோ என்னும் போர்வீரர் பொம்மைக்கோ 21 அசையும் பகுதிகள் இருந்தன. மண்டியிடவும் தோழனைத் தாங்கிப் பிடிக்கவும் அப்பொம்மையால் இயன்றது. மூட்டுகள் பெருகப் பெருகப் பொம்மை செய்யக்கூடிய வினைகளும் பெருகின.

1999ஆம் ஆண்டு ஜப்பானின் வோக்ஸ் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த சூப்பர் டால்ஃபி இவ்வளர்ச்சியில் ஒரு திருப்பமாக அமைந்தது. பிசின்வார்ப்பாலான இப்பொம்மையின் உறுப்புகள் பந்து வடிவ மூட்டுகளால் பொருந்தியுள்ளன. உள்ளே ஓடும் மீள்கயிறு அவற்றை இழுத்துப் பிடித்திருக்கிறது. ஆதலால், கையை ஒரு நிலையில் வைத்தால் அது அந்நிலையிலேயே நிற்கும். கண்களையும் தலைமுடியையும் மாற்றலாம். முகத்தின் வண்ணத்தை அழித்துப் புதிதாகத் தீட்டலாம்.

பிளைத் என்னும் பொம்மையின் வரலாறும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. 1972ஆம் ஆண்டு கென்னர் நிறுவனம் வெளியிட்ட இப்பொம்மை ஓராண்டளவே விற்பனையில் இருந்தது. பெரிய தலையும் அகன்ற கண்களும் கொண்ட இதன் தலையின் பின்புறமுள்ள கயிற்றை இழுத்தால் கண்ணின் நிறமும் பார்வையின் திசையும் மாறும். நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்த இப்பொம்மையை ஜினா காரன் என்னும் அமெரிக்கப் பெண்மணி பல இடங்களுக்கும் எடுத்துச் சென்று படமெடுத்தார். 2000ஆம் ஆண்டு அப்படங்கள் நூலாக வெளிவந்தன. அடுத்த ஆண்டே ஜப்பானின் தக்காரா நிறுவனம் பிளைத்தை மீண்டும் உருவாக்கி விற்கலாயிற்று. விற்பனையில் தோற்ற ஒரு பொம்மை, படங்களின் வழியே மறுபிறவி எடுத்தது.

டேர் ரைட்டின் தனித்த பொம்மை

பொம்மைப் புகைப்படக்கதைகளுள் முன்னோடியாகக் கருதத்தக்கது, 1957ஆம் ஆண்டு டேர் ரைட் வெளியிட்ட 'தனித்த பொம்மை' என்னும் பொருள்படும் தலைப்பைக் கொண்ட ஆங்கிலச் சிறுவர் நூலாகும். கனடாவில் 1914ஆம் ஆண்டு பிறந்த டேர் ரைட் நியூயார்க்கில் ஒப்பனை அழகியாகவும் பின்னர்ப் புகைப்படக் கலைஞராகவும் பணியாற்றியவர். தம் குழந்தைப் பருவத்தில் வைத்திருந்த இத்தாலிய லென்சிப் பொம்மையையே அவர் கதைத்தலைவியாக்கினார். கம்பளித் துணியை அழுத்திச் செய்யப்பட்ட அப்பொம்மைக்குப் புதிதாகப் பொன்னிற முடியைக் குதிரைவாலாகக் கட்டினார். காதில் பொன்வளையம் அணிவித்தார். தோற்றத்தில் பொம்மை அவரையே ஒத்திருந்தது. பெயரோ எடித், அது அவருடைய தாயாரின் பெயர்.

கதை எளியது. வசதியான வீட்டில் தனியே வாழும் எடித், நண்பர் வேண்டுமென ஏங்குகிறாள். ஒரு நாள் காலை பெரிய கரடியும் சின்னக் கரடியும் வந்து சேருகின்றன. மூவரும் கூடி மகிழ்கின்றனர். பெரிய கரடி வெளியே சென்ற வேளையில், எடித்தும் சின்னக் கரடியும் அலமாரியைத் திறந்து ஒப்பனை செய்து விளையாடுகின்றனர். உதட்டுச்சாயத்தால் கண்ணாடியில் பெரிய கரடியைக் கேலி செய்து எழுதுகின்றனர். திரும்பி வந்த கரடி எடித்தைத் தண்டிக்கிறது. அடிபட்ட வலியைவிட, கரடிகள் தன்னைவிட்டுப் போய்விடுமோ என்னும் அச்சமே எடித்தை வாட்டுகிறது. என்றும் உடனிருப்போம் என்னும் உறுதிமொழியோடு கதை நிறைவுறுகிறது. தண்டனைக் காட்சி பிற்காலத்தில் பலரின் கண்டனத்திற்கும் உள்ளாகியது. அதனை மறைத்துப் பேசுதல் முறையன்று. அந்நூல் தன் காலத்துக் குழந்தை வளர்ப்பு முறையின் சான்றுமாகும்.

டேர் ரைட்டின் வாழ்க்கையை அறிந்தோர்க்கு இக்கதை மேலும் ஒரு பொருளைத் தரும். பெற்றோர் மணமுறிவு பெற்றபோது, குழந்தையாக இருந்த அவர் தாயுடனும் தமையன் தந்தையுடனும் பிரிந்து வாழ நேர்ந்தது. தமையனும் தங்கையும் மீண்டும் சந்தித்தது வளர்ந்த பின்னரே. 2004ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய வாழ்க்கை வரலாற்று நூல் இப்பிரிவை விரிவாகப் பேசுகிறது. யாரேனும் விட்டுப் போய்விடுவர் என்னும் அச்சம் கதையில் ஏன் இத்துணை ஆழமாக ஒலிக்கிறது என்பதை இவ்வரலாறு ஓரளவு உணர்த்துகிறது.

நம் வினாவிற்கு வருவோம். கறுப்பு வெள்ளைப் படங்கள் பலவற்றிலும் எடித்தின் முகம் ஒன்றே. தனிமையில் வாடும்போதும், கரடியோடு விளையாடும்போதும், அழும்போதும் தீட்டப்பட்ட அந்தக் கண்ணும் வாயும் மாறவில்லை. எனினும், படிப்போர் ஏக்கத்தையும் மகிழ்ச்சியையும் அச்சத்தையும் அம்முகத்திலேயே கண்டதாக உணர்கின்றனர். இஃது எவ்வாறு நிகழ்கிறது?

மெய்ப்பாடும் மெய்யும்

நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. உள்ளத்து உணர்வு புறத்தே புலப்படுதலே மெய்ப்பாடு. மெய் என்னும் சொல்லுக்கு உடல் என்பதும் பொருள். உணர்வை முகத்தில் மட்டும் தேடும் பழக்கம் உடைய நமக்கு இச்சொல் ஒன்றை நினைவூட்டுகிறது: உணர்வு தோன்றும் இடம் முழு உடலாகும். பொம்மைப் புகைப்படக்கதை இவ்வுண்மையைக் கண்கூடாக மெய்ப்பிக்கிறது. முகம் உறைந்துவிட்டமையால் மெய்ப்பாடு முழுவதும் மெய்க்கு இடம்பெயர்கிறது.

இவ்விடப்பெயர்ச்சி மூன்று வழிகளில் நிகழ்கிறது. முதலாவது, தலையின் சாய்வு. ஜப்பானிய நோ நாடகத்தின் முகமூடி இதற்குச் சிறந்த சான்று. மரத்தில் செதுக்கிய அம்முகமூடியைச் சற்றே தாழ்த்தினால் நிழல் படர்ந்து துயரம் தோன்றும்; சற்றே உயர்த்தினால் ஒளி பட்டு மலர்ச்சி தோன்றும். மரம் மாறவில்லை, ஒளி விழும் கோணமே மாறியது. பொம்மையின் முகமும் இவ்வாறே இயங்குகிறது.

இரண்டாவது, உடல்களுக்கிடையே உள்ள தொலைவும் திசையும். இரண்டு பொம்மைகள் ஒரே இருக்கையில் அமர்ந்திருக்க, ஒன்றன் தோள் மட்டும் மறுபுறம் திரும்பியிருந்தால், ஊடல் என்பதை எவரும் சொல்லாமலே உணர்வர். கையை நீட்டிய பொம்மைக்கும் நீட்டிய கையைக் காணாத பொம்மைக்கும் இடையே உள்ள சிறு வெற்றிடமே ஒரு கதையாகிவிடும்.

மூன்றாவது, படங்களின் வரிசை. இரசியத் திரைப்பட இயக்குநர் லெவ் குலெஷோவ் செய்ததாகத் திரைக்கல்வியில் நெடுங்காலமாகக் கூறப்பட்டுவரும் சோதனை ஒன்றுண்டு. ஒரு நடிகரின் உணர்ச்சி காட்டாத ஒரே முகத்தை, ஒருமுறை சூப்புக் கிண்ணத்தின் படத்தோடும் மற்றொருமுறை சவப்பெட்டியின் படத்தோடும் இணைத்துக் காட்டியபோது, பார்த்தோர் முதலில் பசியையும் பின்னர்த் துயரத்தையும் அம்முகத்தில் கண்டனர் என்பர். முகம் தராத உணர்வை முன்னும் பின்னும் உள்ள படங்கள் தந்தன. எடித்தின் மாறாத முகம் மாறியதாகத் தோன்றுவதற்கும் இதுவே காரணம்.

ஆக, பொம்மைக் கதையில் உணர்வைப் படைப்பவர் கலைஞர் மட்டுமல்லர். கலைஞர் குறிப்பு மட்டுமே தருகிறார். வாசகர் அதை நிறைவு செய்கிறார்.

படைக்கும் முறை

இக்கலையில் ஈடுபடுவோர் கவனிக்கும் நுட்பங்கள் சிலவற்றை இனிக் காண்போம்.

முதற்கண் அளவுவிகிதம். 30 செ.மீ. உயரமுள்ள பொம்மை ஏறத்தாழ மனித உயரத்தின் ஆறில் ஒரு பங்கு. எனவே, அதன் உலகில் 2 மீட்டர் உயரக் கதவு 33 செ.மீ. ஆகவேண்டும்; 9 செ.மீ. உயரக் குவளை 1.5 செ.மீ. ஆகவேண்டும். அளவு பிசகிய ஒரு நாற்காலி போதும், வாசகர் கதையிலிருந்து வெளியேறிவிடுவார். எனினும், எல்லாவற்றையும் சுருக்க இயலாது. நீர்த்துளி சிறுக்காது, தீச்சுடர் சிறுக்காது, தடித்த துணி பொம்மையின் உடலில் இயல்பாக மடிந்து விழாது. ஆதலால், மெல்லிய துணியைத் தேர்ந்து தைக்கின்றனர். ஆடை காற்றில் பறப்பதுபோலக் காட்ட ஓரத்தில் நுண்கம்பியைக் கோக்கின்றனர்.

அடுத்து நிறுத்தும் முறை. மனிதர் ஒரு காலில் எடையைத் தாங்கி நிற்கும்போது இடுப்பு ஒருபுறம் உயர்கிறது. தோள் அதே புறம் தாழ்கிறது. இச்சாய்வு இல்லாத பொம்மை கடைக் கண்ணாடிக்குள் நிற்பதாகவே தோன்றும். பாதத்தின் அடியில் சிறிது ஒட்டுமெழுகும், படத்தில் தெரியாதவாறு முதுகின் பின்னே ஒரு கம்பித்தாங்கியும் வைத்து இந்நிலையை நிலைநிறுத்துவர்.

புகைப்படக்கருவியைப் பொம்மையின் கண்மட்டத்திற்குத் தாழ்த்துதல் இன்றியமையாதது. நாம் நின்றபடி மேலிருந்து எடுத்த படத்தில் அது பொம்மை. தரையோடு படுத்து அதன் கண்மட்டத்திலிருந்து எடுத்த படத்தில் அது கதைமாந்தர். மிக அருகிலிருந்து எடுக்கையில் படத்தின் ஒரு மெல்லிய பகுதி மட்டுமே கூர்மையாக விழும், எஞ்சியவை மங்கும். மிகுதியான மங்கல் பொருளின் சிறுமையைக் காட்டிக்கொடுத்துவிடும். இதனைத் தவிர்க்க, கருவியை முக்காலியில் பொருத்தி, ஒளித்துளையைச் சுருக்கி, அதாவது அதன் எண்ணை 11, 16 என உயர்த்தி, நீண்ட நேரம் ஒளியைப் பதிவு செய்வர். பொம்மை அசையாதாகையால் இது எளிதே. எனினும், மங்கலையே கருவியாக்கியோரும் உளர். 1977ஆம் ஆண்டு டேவிட் லெவிந்தால், கேரி ட்ருடோ ஆகிய இருவரும் விளையாட்டுப் போர்வீரர்களைக் கொண்டு, இரண்டாம் உலகப் போரில் செருமனியின் சோவியத்து படையெடுப்பைச் சித்திரித்து வெளியிட்ட நூலில், தெளிவற்ற படங்களே போர்க்களத்தின் பரபரப்பை ஏற்படுத்தின.

ஒளியமைப்பில் கண்ணின் ஒளிப்புள்ளி முதன்மையானது. விளக்கின் சிறு எதிரொளி கண்மணியில் விழும்வரை பொம்மையைத் திருப்பிப் பார்ப்பர். அப்புள்ளி விழுந்த கணத்தில் பார்வை பிறக்கிறது. சன்னலோர நிழல்வெளிச்சமோ மெல்லிய தாள் மூடிய விளக்கோ இதற்குப் போதுமானது. கடும் வெயில் பிசின்வார்ப்புப் பொம்மைகளை நாளடைவில் மஞ்சளாக்கிவிடும் என்பதாலும் சேகரிப்போர் நிழலையே நாடுவர்.

இறுதியாகத் தொடர்ச்சி. உரையாடும் இரு பொம்மைகளுக்கிடையே ஒரு கோட்டைக் கற்பனை செய்துகொண்டால், கருவி அக்கோட்டின் ஒரு பக்கத்திலேயே இருக்கவேண்டும். கோட்டைக் கடந்தால், இடப்புறம் நோக்கியவர் அடுத்த படத்தில் வலப்புறம் நோக்குவார்; யார் யாரிடம் பேசுகிறார் என்பது குழம்பும். படத்தின் கீழ் எழுதும் வரியும் படம் காட்டியதையே மீண்டும் சொல்லக்கூடாது. எடித் சன்னலருகே நிற்பது தெரிகிறது. அதனை எழுத வேண்டுவதில்லை. எத்தனை நாளாக நிற்கிறாள் என்பதைப் படம் சொல்லாது. அதனையே எழுத்துச் சொல்லவேண்டும்.

மார்வென்கோல்: ஒரு மனிதரின் மீட்சி

இக்கலை வெறும் பொழுதுபோக்கன்று என்பதற்கு மார்க் ஹோகன்காம்ப் அவர்களின் வாழ்க்கை சான்றாகும். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த இவரை 2000ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாள் மதுக்கூடம் ஒன்றின் வெளியே ஐவர் கொடூரமாகத் தாக்கினர். ஒன்பது நாள் நினைவிழந்து கிடந்தார். விழித்தெழுந்தபோது தம் கடந்தகால வாழ்வின் பெரும்பகுதி அவர் நினைவில் இல்லை. நடக்கவும் உண்ணவும் பேசவும் எழுதவும் மீண்டும் கற்க வேண்டியதாயிற்று. முன்னர்ச் சிறப்பாக ஓவியம் தீட்டிய கை, நடுக்கத்தால் கோடு இழுக்கவும் இயலாமல் போயிற்று. பொதுநிதியால் நடைபெற்ற மருத்துவப் பயிற்சியும் அவர் முழுமையாகத் தேறும் முன்னரே நின்றுபோயிற்று.

அவர் தம் வீட்டின் புறத்தே ஓர் ஊரை அமைக்கத் தொடங்கினார். ஆறில் ஒரு பங்கு அளவிலான அவ்வூர், இரண்டாம் உலகப் போர்க்காலத்துப் பெல்ஜியத்தில் உள்ளதாகக் கற்பிக்கப்பட்டது. தம் பெயரோடு வெண்டி, கோலின் என்னும் இருவர் பெயர்களையும் இணைத்து அதற்கு மார்வென்கோல் எனப் பெயரிட்டார். தாமே அங்குக் கேப்டன் ஹோகன்காம்ப் என்னும் வீரர். நண்பர்களும் அண்டைவீட்டாரும் ஆளுக்கொரு பொம்மையாயினர். தம்மைத் தாக்கிய ஐவர், ஊரைச் சூறையாட வரும் நாசிப் படையினராயினர். அவர்கள் கேப்டனைப் பிடித்து வதைக்கின்றனர். ஊர்ப் பெண்கள் ஆயுதம் ஏந்தி அவரை மீட்கின்றனர். பொம்மைக்கு ஆடை மாட்டுதலும், சிறு கருவிகளைக் கையில் பொருத்துதலும், வண்ணம் தீட்டுதலும் நடுங்கும் விரல்களுக்குப் பயிற்சியாயின. பொம்மைச் சீருந்தின் சக்கரங்கள் உண்மையாகவே தேயவேண்டும் என்பதற்காக, அதனைச் சாலையோரமாக இழுத்துக்கொண்டே அவர் நெடுந்தொலைவு நடந்தார்.

அவர் எடுத்த படங்கள் 2005ஆம் ஆண்டு இதழொன்றில் வெளிவந்து, 2006ஆம் ஆண்டு நியூயார்க் கலைக்கூடமொன்றில் காட்சிக்கு வைக்கப்பட்டன. 2010ஆம் ஆண்டு ஜெஃப் மால்ம்பெர்க் அவரைப் பற்றிய ஆவணப்படத்தை வெளியிட்டார். 2018ஆம் ஆண்டு ராபர்ட் செமெக்கிஸ் இயக்கத்தில் முழுநீளத் திரைப்படமும் வெளிவந்தது.

பொம்மைக்கதை அவரை முற்றாகக் குணப்படுத்தியது எனக் கூறுதல் மிகையாகும். கூறத்தக்கது இதுவே: தாக்குண்ட நாளை அவரால் நினைவிலிருந்து சொல்ல இயலவில்லை. ஆனால், அந்நிகழ்ச்சிக்கு ஒரு முன்னையும் ஒரு பின்னையும் அமைத்து, அதன் முடிவைத் தாமே தீர்மானிக்க முடிந்தது. நினைவு தராத தொடர்ச்சியைக் கதை தந்தது.

வகுப்பறைக்கு ஒரு சொல்

தமிழ்ப்பள்ளிகளில் படத்தொடரைக் கொண்டு கதை எழுதும் பயிற்சி நெடுங்காலமாக நடைபெற்று வருகிறது. அப்பயிற்சிக்குரிய படங்களில் அழுபவரின் கண்ணீரும் சினப்பவரின் புருவமும் பெரிதாக வரையப்பட்டிருக்கும். மாணவர் கண்டதை எழுதுகின்றனர். உய்த்துணர வேண்டிய தேவை எழுவதில்லை. படத்திலுள்ளவற்றைப் பட்டியலிட்ட கட்டுரைகளைத் திருத்திச் சலித்த ஆசிரியர்கள் பலராவர்.

ஆசிரியர் பயிற்சி வகுப்பொன்றில் இக்கட்டுரையாளர் ஒரு மரப்பாச்சிப் பொம்மையை மூடிய கதவின்முன், கதவை நோக்கியவாறு நிறுத்தி எடுத்த படத்தைக் காட்டியதுண்டு. யாரோ வருவார் எனக் காத்திருக்கிறாள் என்றார் ஓர் ஆசிரியர். இப்பொழுதுதான் வழியனுப்பிவிட்டு நிற்கிறாள் என்றார் மற்றொருவர். உள்ளே விடமாட்டேன் என்கிறார்கள் என்றார் மூன்றாமவர். மூக்கும் கண்ணும் தேய்ந்துபோன ஒரு மரத்துண்டு மூன்று கதைகளைத் தந்தது. ஒவ்வொருவரும் தத்தம் விடைக்குக் காரணம் காட்ட முனைந்தபோது, தலையின் சாய்வையும் கதவுக்கும் பொம்மைக்கும் உள்ள இடைவெளியையும் நிழல் விழும் திசையையும் அவர்கள் சுட்டினர். இஃது ஆய்வன்று, ஒருநாள் அனுபவமே. ஆயினும், சான்று காட்டிப் பொருள் கொள்ளும் திறன், இலக்கிய வகுப்பில் நாம் வளர்க்க விரும்பும் திறனே அன்றோ?

இதற்கு விலையுயர்ந்த பொம்மைகள் தேவையில்லை. வீட்டிலுள்ள ஒரு பொம்மையும் கைப்பேசியும் சன்னலோர வெளிச்சமும் போதும். மாணவர் குழுவாகச் சேர்ந்து நான்கு படங்களை எடுக்கட்டும். மகிழ்ச்சி, துயரம் முதலிய உணர்வுச் சொற்களைப் பயன்படுத்தாமல் ஒவ்வொரு படத்திற்கும் ஒரு வரி எழுதட்டும். பிறகு, படங்களின் வரிசையை மாற்றி வைத்து, கதை எவ்வாறு மாறுகிறது எனக் காணட்டும். மெய்ப்பாட்டியலை மேல்வகுப்பில் பயிலும் மாணவர்க்கு இப்பயிற்சி நல்லதொரு நுழைவாயிலாகவும் அமையும்.

முடிவுரை

பொம்மையின் முகம் உறைந்திருப்பது குறைபோலத் தோன்றினும், அக்குறையே இக்கலையின் வலிமையாகிறது. முகம் எதையும் சொல்லாமையால் உடலும் ஒளியும் இடைவெளியும் வரிசையும் பேச வேண்டியுள்ளது. வாசகரும் தம் உணர்வை அளிக்க வேண்டியுள்ளது. டேர் ரைட் தம் தனிமையையும் ஹோகன்காம்ப் தம் காயத்தையும் பொம்மைகளிடம் ஒப்படைத்தனர். நம் வகுப்பறைகளிலும் வாய்திறந்து சொல்ல இயலாத செய்திகளைச் சுமந்து அமர்ந்திருக்கும் மாணவர் இருப்பர். தன்னைப் பற்றி எழுது என்றால் வெற்றுத்தாளைத் தரும் மாணவர், இந்தப் பொம்மைக்கு என்ன நேர்ந்தது என வினவினால் எழுதத் தொடங்கக்கூடும். அவ்வாறு எழுதப்படும் வரிகளை மொழிப்பிழை திருத்தும் முன்னர் ஒருமுறை முழுமையாகப் படித்தல் ஆசிரியர் கடனாகும்.